கைபிடிக்காமல் ஏறிய மலை

கடலில் விழுந்தால் நீந்தலாம். மலையிலிருந்து விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐம்பத்தொரு வயதில், வெள்ளறடைக்கு அப்பால் குருசுமலையின் அடிவாரத்தில் காலை ஏழு மணிக்கு அண்ணாந்து நின்றபோது என் மண்டைக்குள் ஓடியது அந்த ஒரு சந்தேகம்தான். பக்கத்தில் என் மனைவி செருப்பைக் கழற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வெறுங்காலோடு ஏறப் போகிறாள். என் காலில் இருந்ததோ, அடியில் டிராக்டர் டயர் மாதிரிப் பல் வைத்த புது ஷூ.

முப்பத்தைந்து வயது வரை நான் கடலில் தொழில் செய்தவன். பூவார்ப் பக்கம் பிறந்து, அப்பாவோடும் சித்தப்பாமாரோடும் வள்ளத்தில் போய், அலை தலைக்கு மேலே எழும்பி நிற்கும்போதும் வாயிலிருக்கும் பீடி அணையாமல் பார்த்துக்கொண்டவன். இப்போது திருப்புறத்தில் வீடு, ரோட்டோரத்தில் வள்ளத்து எஞ்சின்களைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறை. ஆனால் இந்த வீரமெல்லாம் தண்ணீர் மட்டத்தோடு சரி. உயரம் எனக்கு ஆகாது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று பார்க்க ஏணியில் ஏறுவது மனைவி. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவது நான்.

அப்படிப்பட்டவன் மலைக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய நேர்ச்சை.

போன வருடம் இதே ஐப்பசியில் அவளுக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸுகளிடமும் காவலாளியிடமும் தமாஷ் பேசிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. உள்ளே கட்டிலில் கிடந்தவள் பேசவில்லை, நேர்ந்துகொண்டாள். கெட்டதாக ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தால், ஒரு வருடத்துக்குள் குருசுமலை ஏறி உச்சிக் குருசின், அதாவது சிலுவையின், அடியில் மெழுகுவத்தி கொளுத்துவது. அது மட்டுமல்ல, ஏறும்போது ஒருவர் கையையும் பிடிப்பதில்லை, கம்பும் ஊன்றுவதில்லை.

இந்தக் கடைசி நிபந்தனை எதற்கென்று எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் அவள் கக்கூசுக்குப் போகக்கூட யாராவது கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மருமகள் முறையான பெண்ணொருத்தி பிடித்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்த பிறகு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்தேன். வலிக்காகக்கூட அழாதவள்.

முடிவு நல்லதாக வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலத்தில் இந்த மலைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வரும். வழியெல்லாம் கயிறு கட்டி, மோர்ப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்போது அவளுக்குத் தையல் போட்ட இடம் முழுசாக ஆறவில்லை. பிறகு ஆனி ஆடி மழை. பிறகு என் பட்டறையில் வேலை. இப்படித் தள்ளித் தள்ளி, வருடம் நிறைய எட்டு நாள் பாக்கி என்ற நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சொன்னாள்:

“நாளைக்கி நான் மல ஏறப் போறேன். நீரு வந்தா வாரும். வரலைன்னா ஸ்கூட்டர மட்டும் தாரும்.”

அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. அதனால் நான் போக வேண்டியதாயிற்று.

அன்று ராத்திரியே செல்போனில் மலையேற்றம் சொல்லிக் கொடுக்கிற வீடியோக்களைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டேன். ஷூ முன்பே வாங்கியிருந்தேன், டாக்டர் நடக்கச் சொன்ன அன்று. அதைப் போட்டுக்கொண்டு அதிகபட்சம் மீன் வாங்கப் போயிருக்கிறேன். விசில், உப்புச் சர்க்கரைப் பொடி, உலர்ந்த திராட்சை, முட்டிக்கு உறை, தலையில் கட்டுகிற டார்ச், பட்டறையிலிருந்து இருபது மீட்டர் நைலான் கயிறு. அவளுடைய தம்பி, இப்போதும் கடலுக்குப் போகிற என் அளியன், சாமான் கட்டுகிற நேரம் பார்த்து வந்துவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு பையையே பார்த்தான்.

“அளியா, இதெல்லாம் கொள்ளாம். நங்கூரம் எடுக்கலியா?”

“எலே, மலையில எதுக்குடா நங்கூரம்?”

“ஒம்மள அங்க நிறுத்தி வைக்கியதுக்கு. இல்லைன்னா அரை வழியில திரும்பி வந்திருவீரு.”

மனைவி எடுத்துக்கொண்டது ஒரு துணிப்பை. அதில் மெழுகுவத்திப் பொதி, பிளாஸ்டிக்கில் சுற்றிய தீப்பெட்டி, ஒரு போத்தல் தண்ணீர், வாழையிலையில் கட்டிய இரண்டு பொதிச்சோறு.

அடிவாரத்தில் ஒரு சேச்சி டீக்கடை வைத்திருந்தார். ஆளில்லாத காலத்தில் மலையேற வந்த எங்களை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டே டீ ஆற்றினார். ஐப்பசியை எங்கள் பக்கம் துலாம் என்போம். துலாமழைக்கு ஒரு கிரமம் உண்டு. காலையில் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும், மத்தியானம் கழிந்தால் கிழக்கிலிருந்து கறுப்பு ஏறும், பிறகு இடி. அதைத்தான் அவர் மலையாளத்தில் சொன்னார்.

“ரெண்டு மணிக்கு முன்பே தாழே எத்தணும், கேட்டோ. துலாத்திலே இடி ஆத்யம் வீழுந்நது உச்சியிலாணு.”

ரெண்டு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும், முதல் இடி உச்சியில்தான் விழும். இதைக் கேட்டதும் நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, உச்சியில் இரும்பு ஏதாவது உண்டா, குருசு எதில் செய்தது, ஷூவில் ரப்பர் இருந்தால் மின்னல் பிடிக்காது என்கிறார்களே அது உண்மையா என்று வரிசையாகக் கேட்டேன். சேச்சி என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“சேட்டனெ நோக்கிக்கோணே.”

என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஆபரேஷன் ஆனவள் யார், கூட்டு வந்தவன் யார் என்பதை அவர் ஒரே பார்வையில் மாற்றி முடிவு செய்துவிட்டார். மனைவி மறுக்கவும் இல்லை.

வழியில் பதினான்கு குருசுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நின்று செபம் சொல்லிப் போவது வழக்கம். அவள் குருசுகளில் மட்டும் நின்றாள். நான் நடுவில் இன்னும் ஒரு முப்பது இடங்களைக் கூட்டிக்கொண்டேன், செபத்துக்கு அல்ல, மூச்சுக்கு. முதல் குருசு தாண்டும்வரை ரப்பர்த் தோட்டம். அது தீர்ந்ததும் பாறையும் புல்லும். முந்தின நாள் மழையில் நனைந்த புல்லிலிருந்து ஒரு எலுமிச்சை மணம் வந்தது. புல் நுனிகளுக்கிடையே சிலந்திகள் வலை கட்டியிருந்தன, ஆயிரம் இருக்கும், ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளித் தண்ணீர். வலையைப் பார்த்தால் எனக்குத் தொழில்புத்தி வந்துவிடும். குனிந்து பார்த்தேன். இத்தனை பொடிக் கண்ணியில், ஒரு முடிச்சுகூட இல்லாமல், இவ்வளவு இறுக்கமாக யாரும் கட்ட முடியாது. எங்கள் கடற்கரையின் வலைக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டும் போலிருந்தது.

“எட்டி, இத பாரு.”

“பாத்தேன். நீரு மூச்சு வாங்கியதுக்கு ஒவ்வொண்ணாக் காட்டிட்டு இருக்கீரு. வாரும்.”

அவள் சொன்னது பாதி உண்மை.

நான்காவது குருசில்தான் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தேன். வீடியோவில் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியிருந்தால் உபகாரமாக இருந்திருக்கும். கீழே ரப்பர்த் தோட்டங்கள் பச்சைக் கம்பளியாகிவிட்டன. டீக்கடையின் தகரம் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் போயிருந்தது. நான் பேச ஆரம்பித்தேன். அளியன் நங்கூரம் கேட்டது, எங்கள் தெருவில் ஒருத்தர் தென்னை மரத்தில் ஏறி இறங்க மாட்டாமல் பொழுது விடிந்தது முதல் அடையும்வரை மேலேயே இருந்து அங்கேயே சாப்பிட்டது என்று எதையெல்லாமோ பேசினேன். கடலில் எஞ்சின் நின்றாலும் என் வாயில் எஞ்சின் நிற்காது. அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு கையில் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். மறு கை துணிப்பையில்.

ஆனால் ஏழாவது குருசுக்கு மேலே நான் பேச்சை நிறுத்திவிட்டேன். பயம் போனதால் அல்ல. கடலைப் பார்த்துவிட்டேன்.

பிறந்தது முதல் பார்க்கிற கடல்தான். கரையில் நின்று பார்த்தால் அது ஒரு கோடு. வள்ளத்தில் இருந்து பார்த்தால் சுற்றிலும் ஒரு வட்டம். ஏற ஏற அது கீழே போய்விடும், வயல் மாதிரிக் கிடந்து தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தென்னந்தோப்புகளும் ரோடும் வீடுகளும் எல்லாம் கீழே போயின. கடல் மட்டும் போகவில்லை. நாங்கள் எவ்வளவு ஏறினோமோ அவ்வளவு அதுவும் ஏறி, வானத்தோடு சேர்கிற அந்த ஓரம் எப்போதும் என் கண்ணுக்கு நேராகவே நின்றது. கரைக்கு மேலே, தென்னைகளுக்கு மேலே, நீலமாக ஒரு சுவர் எழும்பி நிற்பது போல. இத்தனை தண்ணீரும் அங்கே நின்றுகொண்டிருக்கிறது, நம் மேல் கவிழவில்லை. ஆள் ஆளாக நாங்கள் அதற்குள் போய் மீன் பிடித்து வந்திருக்கிறோம். இதை யாராவது முன்னாடியே எனக்குக் காட்டியிருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன்.

“கூடவே ஏறுது பாத்தியா?” என்றேன்.

அவளும் நின்றிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பதினொரு வருடம், நான் தொழிலை விடும்வரை, கரையில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

“இம்பிடு பெரிய கடலா உம்மள எனக்குத் திருப்பித் தந்துச்சு,” என்றாள். அவ்வளவுதான். திரும்பி ஏறத் தொடங்கினாள்.

ஒன்பதாவது குருசு தாண்டியதும் வழி போய்விட்டது. நோன்பு காலத்தில் ஆயிரம் கால் மிதித்துப் பளிச்சென்று கிடந்திருக்கும். ஆறேழு மாதத்து மழையில் புல் நெஞ்சளவு வளர்ந்து மூடியிருந்தது. இடது பக்கம் ஒரு கோடு மாதிரி, வலது பக்கம் ஒரு கோடு மாதிரி. எது ஆள் நடந்தது, எது ஆடு நடந்தது என்று தெரியவில்லை. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரம் என் நெஞ்சு விரிந்தது. இவ்வளவு நேரமும் அவமானப்பட்டு வந்தவனுக்குத் தெரிந்த ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கடலில் வழி கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வித்தை உண்டு. கணிச்சம் என்போம். மீன் அடைந்து கிடக்கிற பாரு, அதாவது கடலடிப் பாறை, மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் கரையில் தெரியும் இரண்டு பொருளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால், நாம் நிற்கிற கோடு கிடைக்கும். இன்னொரு பக்கத்தில் அதே மாதிரி வேறு இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போட்டால் அடியில் பாரு. எங்கள் பாருக்கு ஒரு கணிச்சம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் இதே மலையின் இரண்டு முதுகுகளுக்கு நடுவே உள்ள பள்ளமும்தான். கோபுரத்தை அந்தப் பள்ளத்தில் செருகி வைத்துக்கொண்டு போனால் இம்மிகூடப் பிசகாது. எத்தனையோ விடியலில் இந்த மலையை நகத்தளவு நீலமாகப் பார்த்து நேராகப் போய் நின்றிருக்கிறேன். அது ஏறக்கூடிய ஒரு பொருள் என்ற எண்ணமே அப்போது வந்ததில்லை.

“நீ மாறு. நான் வழி காட்டுறேன்,” என்றேன்.

மேலே உச்சிக் குருசு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குக் கீழே பாறை ஓரத்தில் ஒற்றை மரம் ஒன்று. மரத்தைக் குருசுக்கு நேர் கீழே நிறுத்தினேன். கணிச்சம் கிடைத்தது. அந்தக் கோட்டை விடாமல் புல்லைப் பிளந்துகொண்டு நடந்தேன். மரம் கொஞ்சம் இடது பக்கம் விலகினால் நானும் இடது பக்கம் ஒதுங்குவேன். அவள் பின்னால் வந்தாள். முக்கால் மணி நேரம் நான் தலைவனாக இருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூடப் பயப்படவில்லை, கண் முழுக்க மரத்தில் இருந்ததால்.

மரம் வந்தது. கோடு இம்மிகூடப் பிசகவில்லை. அதுதான் கோளாறு. கடலில் நேராகப் போகலாம், நடுவில் எதுவும் நிற்காது. மலையில் வழி வளைகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் இப்போது எங்கள் முன்னால் அறுபதடி நீளத்துக்குச் சாய்ந்து கிடந்தது. மொட்டைப் பாறை. புல் இல்லை, செடி இல்லை, பிடிக்க ஒரு வேர்கூட இல்லை. மேல் விளிம்பில் பதின்மூன்றாவது குருசின் தலை தெரிந்தது. சரியான வழி நிதானமாக வளைந்து அந்தப் பக்கமாக வந்து சேர்வதும் இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“இனி என்ன செய்ய?” என்றாள்.

“திரும்பிப் போவோம். வழி பிரிஞ்ச கவட்டைக்குப் போயி, மத்த வழியா வருவோம்.”

அவள் கிழக்கே கையைக் காட்டினாள். அகஸ்தியர்கூடத்துப் பக்கமாக வெள்ளைவெள்ளையாக நின்ற மேகங்களின் அடி கறுத்திருந்தது. மணி பதினொன்றே முக்கால். திரும்பிப் போய்ச் சுற்றி வந்தால் உச்சிக்கு வர ஒன்றரை ஆகும். இடி வருகிற நேரத்துக்குச் சரியாக உச்சியில் நிற்போம்.

“அப்போ இண்ணைக்கி இறங்குவோம். நாளைக்கி வருவோம்,” என்றேன். “இன்னும் ஏழு நாளு உண்டே.”

“நாளைக்கி என் காலு வராது.”

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எண்ணெய் தீர்ந்த எஞ்சினைப் பற்றி நான் சொல்வது போலச் சொன்னாள். இந்த வருடத்துக்கு அந்தக் கால்களில் ஒரு மலைதான் இருந்தது, அதில் பதினான்கு பங்கில் பன்னிரண்டு பங்கைச் செலவழித்துவிட்டாள். அதில் கடைசி முக்கால் மணி நேரத்தை வீணாக்கியது நான்.

அவள் பாறையின் அருகே போய் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள். மரத்தை விடாமல் எவ்வளவு எட்ட முடியுமோ அவ்வளவு எட்டிப் பார்த்தேன். பாறையில் யாரோ உளியால் கொத்திய குழிகள், ஒரு கால் வைக்கிற அளவு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, பாசி பிடித்து, மழையில் வழவழத்து, ஆனால் வரிசையாக மேலே போயின. கயிறும் கைப்பிடியும் பந்தலும் வருவதற்கு முன்னால் ஏறியவர்களின் வழி.

“இது பழைய வழியாக்கும். நீரு தப்பா வரல்ல,” என்றாள். என்னைத் தேற்றச் சொன்னாளா, உண்மையாகவே நம்பினாளா, தெரியாது. எழுந்து குழியில் காலை வைத்தாள்.

அவள் போனாள். ஒரு குழி, இரண்டு குழி, கைகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்து, ஆடும் வள்ளத்தின் விளிம்பில் நடக்கிறவனைப் போல. நானும் வந்தேன். முதல் பத்து குழி எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. பதினொன்றாவதில் தெரிந்துவிட்டது, ஏனென்றால் வலது பக்கம் பார்த்துவிட்டேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் பாறை, அதற்கப்பால் காற்று, காற்றில் எனக்குக் கீழே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. பருந்தின் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை. அதன் முதுகில் வெயில் பட்டு இறகு ஒவ்வொன்றும் செம்பு மாதிரி மின்னியது. அந்த நேரத்திலும், அடடா என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அதற்குப் பிறகு எந்தக் குரலும் இல்லை. நான் நான்கு காலில் நின்றேன். உள்ளங்கை இரண்டும் பாறையில் ஒட்டிக்கொண்டன. முதுகில் பை, பையில் இருபது மீட்டர் கயிறு. அதைக் கட்டுவதற்கு ஓர் இடமில்லை.

“பிள்ளே,” என்றேன். “என்னால ஆவாது.”

ஒரு தமாஷாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவள் மேலே எட்டுப் பத்து குழிகள் தள்ளி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள். வெறுங்கால்கள் என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றன. பிறகு குனிந்து வலது கையை நீட்டினாள்.

“கையப் பிடியும்.”

அந்தக் கையை நான் இப்போதும் பார்க்கிறேன். ரேகைகளில் அழுக்கு, கல்யாண மோதிரம், மணிக்கட்டில் ஆஸ்பத்திரி ஊசி குத்திக் கறுத்த தழும்பு. ஒரு முழ தூரம்கூட இல்லை. அதைப் பிடித்தால் எனக்கு உயிர் வந்துவிடும். பிடித்தால் இந்த வருடம் முழுக்க அவள் தூக்கி வந்தது இந்த இடத்தில் கீழே விழுந்துவிடும். அதைத் தெரிந்துதான் நீட்டினாள். முகத்தில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. அவசரம் மட்டும் இருந்தது. கிழக்கே ஒருமுறை பார்த்தாள்.

“வேண்டாம்,” என்றேன். என் வாயிலிருந்து வந்தது என்று நம்ப எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

“பின்ன எப்பிடி வருவீரு?”

“தெரியாது. கைய எடு. எடு மக்கா, நான் பிடிச்சிருவேன்.”

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் மறு கையோடு கோத்துக்கொண்டாள்.

“அப்போ என் குதிங்காலப் பாரும். வேற எங்கயும் பாக்கப்படாது. நான் காலெடுக்கிய குழியில நீரு கைய வையும்.”

திரும்பி நடந்தாள். நான் குதிங்காலைப் பார்த்தேன். இருபத்தேழு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியும் அந்தக் குதிங்கால்களை நான் பார்த்ததில்லை. குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, வெடிப்புக்குள் இன்றைய மண் ஏறி, ஓரத்தில் முள் கீறி ஒரு பொட்டு ரத்தம். ஒரு குதிங்கால் எழும்பும், குழி காலியாகும், என் கை அதற்குள் போகும். பாறையில் அவள் கால்பட்ட சூடு இருக்கும், அல்லது இருப்பதாக நினைத்துக்கொள்வேன். அடுத்த குதிங்கால் எழும்பும். முட்டியில் தோல் போனது, ஷூவின் பல்லெல்லாம் வழுக்கின. உலகத்தில் அந்த இரண்டு குதிங்காலும் இரண்டு குழியும் தவிர வேறொன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. கோயிலில்கூட நான் ஒன்றை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு கைக்குக் கீழே புல் வந்தது. நான் புல்லைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன்.

“எழும்பும். குருசடியில கிடந்து உருளாதேயும்,” என்றாள். அது பதின்மூன்றாவது குருசு.

அங்கிருந்து உச்சி பத்து நிமிடம். கடைசிக் குருசில் அவள் முட்டி போட்டாள். காற்று மெழுகுவத்தியை மூன்று தடவை அணைத்தது. நாலாவது தடவை நான் ஷூவைக் கழற்றி இரண்டு பக்கமும் மறைப்பாக வைத்தேன். தீ நின்றது. அந்த ஷூ அன்று செய்த ஒரே உபயோகமான வேலை.

நான் எழுந்து நின்று பார்த்தேன். காலுக்குக் கீழே மலையின் இரண்டு முதுகு, நடுவில் பள்ளம். கடலிலிருந்து நகத்தளவு நீலமாகத் தெரிந்த அதே பள்ளம். அதில் யானைக்கூட்டம் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. மேகத்தின் நிழல்கள் கீழே ஊர்கள்மேல் ஊர்ந்து போயின. ஒரு நிழல் பாறசாலையை மூடி, திறந்து, நெய்யாற்றங்கரைப் பக்கம் நகர்ந்தது. இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, நிழலுக்குக் கணக்கில்லை. அதற்கப்பால் கடல் வானத்தில் பாதி வரை எழும்பி நின்றது. கோயில் கோபுரத்தை ஒரு வெள்ளை முள்ளாகக் கண்டுபிடித்தேன். பள்ளத்திலிருந்து கோபுரத்துக்கு ஒரு கோடு போட்டு, அதை அப்படியே கடலுக்குள் நீட்டினேன். எங்கள் பாரு அங்கேதான் இருக்க வேண்டும். கணிச்சத்தின் மறுமுனையில் நான் நின்றேன். அங்கே வள்ளங்கள் நிச்சயம் இருந்திருக்கும், அளியனும் இருந்திருப்பான். ஒன்றும் தெரியவில்லை. நீலம் மட்டும். நாங்கள் இந்த மலையைப் பார்த்துப் பார்த்து வீடு வந்து சேர்ந்தோம். மலையிலிருந்து பார்த்தால் நாங்கள் இல்லவே இல்லை. உடம்பு சிலிர்த்தது. பயத்தில் அல்ல. பயம் எனக்கு நன்றாகப் பழக்கம், இது வேறு.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் விரலை நீட்டிக் காட்டினேன்.

“அங்கயா கிடந்தீரு அத்தன வருஷமும்?”

“அங்கதான்.”

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கிழக்கே, தூரத்தில், யாரோ பெரிய அண்டாவை உருட்டியது போல ஒரு சத்தம் வந்தது. பொதிச்சோற்றைப் பிரிக்காமலே இறங்கத் திரும்பினோம்.

சரியான வழியில், படி கொத்தி வைத்த முதல் இறக்கத்தில், அவள் நின்றாள். கையை நீட்டினாள்.

“இனி கையத் தாரும்.”

“நேர்ச்ச?”

“ஏறியதுக்கு மட்டுமாக்கும் நேந்தது. தாரும், காலு நிக்க மாட்டேங்கு.”

பிடித்தேன். அந்தக் கை ஐஸில் போட்ட மீன் மாதிரி குளிர்ந்திருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் தோள்வரை, முதுகுவரை இருந்தது. சேலை முந்தானையை ஏன் அத்தனை நேரம் சுருட்டிப் பிடித்திருந்தாள் என்று இப்போது விளங்கியது.

“இது எப்பந்தொட்டு?”

“மூணாவது குருசுலேந்து.”

“பின்ன சொல்லாம இருந்தது என்னத்துக்கு?”

“நீரு எனக்கும் சேத்துப் பயந்துட்டு வந்தீரே. ரெண்டு பேரும் பயந்தா வழிய யாரு பாக்க?”

இரண்டாவது இடி கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. நான் ஒரு படி முன்னால் இறங்கி, அவளுக்கு எதிராகத் திரும்பி நின்று, மறு கையையும் பிடித்தேன். அப்படி இறங்கினால் பின்புறமாக இறங்க வேண்டும், கீழே ஒன்றும் தெரியாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

“இடது காலு,” என்றாள் அவள், என் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்து. “கொஞ்சம் தாழெ. உண்டு, கல்லு உண்டு. வையும்.”

வைத்தேன்.